சின்ன அறையின் அளவு

அன்பு மகளுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்குத்தான் வாய்வலி, அன்று உன்னிடம் அவ்வளவு கத்தியிருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் உன் வீட்டுச் சின்ன அறையில் டேப்பும் கையுமாகத் தரையில் கிடந்தேனே, அது கரப்பான்பூச்சி தேட அல்ல. தொட்டில் கொள்ளுமா என்று அளந்தேன். கரப்பானை யாராவது டேப் வைத்துத் தேடுவார்களா? பொய்கூட எனக்கு ஒழுங்காக வரவில்லை. நீ சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். "குழந்தை வேணாம்னு ரெண்டு பேரும் யோசிச்சுதான்பா முடிவு பண்ணோம்" என்றாய். சம்பளம் இருக்கு, வீடு இருக்கு, அப்புறம் என்ன கொழுப்பு என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினேன். இனிமேல் வராதீர்கள் என்று நீயும் சொல்லிவிட்டாய்.

அந்தக் கோபம் நேற்று ஆள் மாறிவிட்டது.

ஒரு பெரிய ஆபீஸில் லிஃப்ட் பழுது. சரிசெய்துவிட்டு, சத்தம் வருகிறதா என்று உள்ளேயே நின்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். மெக்கானிக்கை யாரும் ஆளாக நினைப்பதில்லை. முன்னாலேயே எல்லாம் பேசுவார்கள். லிஃப்டில் ஏறிய ஒரு மேனேஜர் கூட வந்த பையனிடம் சொன்னான்: "அந்தப் பொண்ணு நல்லாத்தான் வேலை பாக்குது. ஆனா இப்பதான் கல்யாணம் ஆயிருக்கு. டீமைக் குடுத்தா, வயித்தத் தள்ளிட்டு வந்து லீவு கேக்கும். உனக்கே தரேன்." அந்தப் பையனுக்கும் போன மாதம்தான் கல்யாணமாம்! அவன் லீவு கேட்பானோ என்று எவனுக்கும் கவலையில்லை. அந்தக் கட்டிடத்தில் உடற்பயிற்சிக்கு ஒரு மாடி, நாயைக் குளிப்பாட்ட ஒரு அறை. பிள்ளையை விட்டுவைக்க ஒரு மூலை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்டைப் பாதியில் நிறுத்தினேன். "ரிப்பேர் சார்" என்று கால்மணி நேரம் வியர்க்க விட்டேன். நானும் உள்ளேதான் இருந்தேன் என்பதை யோசிக்கவில்லை.

நின்ற லிஃப்டில் வேறொன்று ஞாபகம் வந்தது. உனக்கு ஆறு மாதம் இருக்கும். வேலைக்குத் திரும்புகிறீர்களா என்று அம்மாவின் டெலிபோன் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். நான் உப்பு குறைவு என்றேன். அவ்வளவுதான், அவள் வேலை போயிற்று. அந்த மேனேஜராவது வாயைத் திறந்து சொன்னான்.

வேலையை விட்ட அம்மாவைப் பார்த்து வளர்ந்தவளிடம் போய்க் கொழுப்பு என்றேனே, என் வாயில் கொள்ளி வைக்க.

பெற்றாலும் பெறாவிட்டாலும் நீயும் மாப்பிள்ளையும் நன்றாயிருங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், டேப் இல்லாமல். கதவை மட்டும் திற.

உப்பு குறைவு என்பதற்குப் பதிலாக நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை: "நீ போய்ட்டு வா, பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

அப்பா