லேசான மூன்று தோட்டாக்கள்

கராஜ் விஞ்ஞானி அவர்களுக்கு,

நேற்று துப்பாக்கி சுடும் ரேஞ்சில் உங்கள் ரைஃபிள் வெடிக்கவில்லை, 'டப்' என்று முனகியது. உடனே அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுடப்போனீர்கள். பக்கத்தில் நின்றவர் தடுத்து, குழலுக்குள் சிக்கியிருந்த குண்டைக் காட்டினார். சுட்டிருந்தால் முகத்திலேயே வெடித்திருக்கும். வீடு வந்து சேரும்வரை காரில், "மருந்தைப் பற்றவைக்கிற ப்ரைமர்தான் மட்டம், உனக்கென்ன தெரியும்?" என்றீர்கள்.

கராஜில் உட்கார்ந்து, லேப்டாப்பில் ஓடும் ஆபீஸ் மீட்டிங்கில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிக்கொண்டே நீங்கள் தோட்டாவுக்கு மருந்து நிரப்புவது தெரியும். நீங்கள் நிரப்பிய மீதித் தோட்டாக்களைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்று லேசாக இருந்தன. உள்ளே மருந்தே இல்லை.

ஞாயிறன்று அவற்றைச் சுடவிருந்த என் தம்பியை வரவேண்டாம் என்றேன். "மாமா எக்ஸ்பர்ட்தானக்கா?" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மூன்றும் உங்கள் லேப்டாப் மேல் இருக்கின்றன. அடுத்த மீட்டிங்கில் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாதவள்