வலது பக்கம் வலி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. காயப் போட்ட துணியெல்லாம் மண். நாளை ஆய்வு. மாவட்ட அதிகாரி ஏழாம் வகுப்பு ஆங்கிலம் பார்க்கிறாராம். ஏழாம் வகுப்பு ஆங்கிலம் என்றால் நான்தான்.

வேலைகள்: அட்டைகளுக்குக் கயிறு. சிவப்பு ஸ்கெட்ச் (தீர்ந்துவிட்டது). பாடக்குறிப்பில் எச்.எம். கையெழுத்து. நீலப் புடவைக்கு இஸ்திரி.

பாடம்: வெர்ப், அட்வெர்ப், ப்ரெபோசிஷன் தொடர். வழக்கமான வித்தைதான். பிள்ளைகள் கழுத்தில் அட்டை. ஒருத்தி 'த கேர்ள்', ஒருத்தி 'ரான்', ஒருத்தி 'க்விக்லி', ஒருத்தி 'டு த ரிவர்'. யார், என்ன செய்தாள், எப்படி, எங்கே. வரிசையாக நின்றால் வாக்கியம். தமிழில் நாம் எங்கே, எப்படி என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓடுவோம். இங்கிலீஷ்காரனுக்கு அவசரம். முதலில் ஓடிவிடுவான், எப்படி, எங்கே என்பதெல்லாம் அப்புறம். இப்படிச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும், மறக்காது.

வெண்ணிலா மட்டும் மறக்கிறாள். மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். 'ரான்' அட்டை அவளுக்கு. ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் கடைசியில் போய் நின்றாள். இழுத்து வந்து இரண்டாவதாக நிறுத்தினேன். கை தட்டியதும் மறுபடி கடைசிக்கு ஓட்டம். ஓடுவது மட்டும் நன்றாக ஓடுகிறாள். எச்.எம். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"இன்னா டீச்சர், நாளைக்கும் இப்டித்தான் ஓடுமா அது? லீவு போடச் சொல்லிடுங்க. ஒரு நாள்தான, ஒண்ணும் குடி முழுவிடாது."

சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். நாளைக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலிலேயே படுத்துக்கொள் என்றேன். தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: "எந்தப் பக்கம் வலிக்குதுன்னு சொல்லணும் மிஸ்?"

"ஏதோ ஒரு பக்கம். வலது பக்கம்னு சொல்லு, போ."

இந்தக் கவனம் பாடத்தில் இருந்தால் என்ன என்று எரிச்சல்தான் வந்தது.

ஜூலை 9, புதன்

அமோகம். 'ரான்' ஹரிணிக்கு. கச்சிதமாக இரண்டாவதாக நின்றாள். அதிகாரி தானே ஒரு வாக்கியம் கேட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒரு வாலு: "த ஆபீசர் ஏட் ஹேப்பிலி இன் த எச்.எம். ரூம்." எனக்கு உயிரே போய்விட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வரவழைத்த பிரியாணியை நிஜமாகவே அங்கேதான் சாப்பிட்டிருந்தார்.

எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். உள்ளங்கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து கேசரி கிளறினேன். பொய் சொல்வானேன், வெண்ணிலா ஞாபகமே வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெண்ணிலா வரவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகளைக் கேட்டேன். "அவள ஊருக்கு அனுப்சிட்டாங்க மிஸ்."

மதியம் சாப்பிடாமல் ஹாஸ்டலுக்கு ஓடினேன். வார்டன் அக்கா சொன்னது:

"வலது பக்கம் வலிக்குதுன்னுச்சி டீச்சர். குடல்வாலா இருக்குமோன்னு பயந்துட்டேன். அவங்க மாமா சந்தைக்கு எறங்கி வந்திருந்தாரு, கூட அனுப்சிட்டேன். நான் வெச்சிக்கினு எதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? பாவம், போறப்பகூட வாயத் தொறக்கல அது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானும் "பாவம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சீ.

ஜூலை 11, வெள்ளி

இன்றும் இல்லை. அவள் அம்மா நம்பருக்கு எத்தனையோ தடவை போட்டாயிற்று. டவர் கிடைக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் நாசம். ஹரிணியைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அவள் என்ன செய்தாள்?

எச்.எம்.: "மலப் புள்ளைங்க அப்டித்தான் டீச்சர். போனா போனதுதான்."

வீட்டில் இவர்: "இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சிதில்ல, வுடேன்."

விட முடியவில்லை. அவள் திரும்பி வராமலே போனால் அது என்னால்தான். வேறு யார் மேலும் போட முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

வெள்ளிமலை பஸ். வளைவுகளில் வாந்தி. எலுமிச்சம்பழம் எடுத்துப் போக மறந்தேன், குடையும். மேலே சாரல், குளிர். நிறுத்தத்திலிருந்து வெண்ணிலா வீட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு நடந்து போனேன்.

அவள் அடுப்பண்டை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கை தானாக வயிற்றின் வலது பக்கம் போனது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா, கை கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. எம்மாந்தூரம் வந்துக்கிறீங்க எம்பொண்ணுக்காவ! மூணு வேளையும் நெலவேம்புக் கஷாயம் குடுக்கறன். காரம் கெடையாது, கஞ்சிதான். நேத்து கோழி அடிச்சம், அதக்கூட இதுக்குக் குடுக்கல."

பிறகு சொன்னார்: "ஆஸ்டல் சோறு ஒத்துக்கல டீச்சர். படிச்சது போதும், வூட்லயே இருக்கட்டும். களை எடுக்கவும் ஆளு கம்மி."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்: அவளுக்கு வலியே இல்லைங்க, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஏழாம் வகுப்புக்கே தெரிந்த எளிய வாக்கியம். வாயில் வரவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வெண்ணிலாதான் பேசினாள். "எனக்கு வலி போயிடுச்சிம்மா. நான் ஸ்கூலுக்குப் போறேன்."

"காலைல இருக்குதுன்ன?"

"கஷாயம் குடிச்சேன்ல. இப்ப இல்ல."

என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவுக்குத் தன் கஷாயத்தை நினைத்து ஒரே பெருமை. "பாத்தீங்களா டீச்சர்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பஸ் வரைக்கும் கூட வந்தார். ஒரு பலாப்பழம், ஒரு பாட்டில் கஷாயம். "தெனம் ஒரு வாய் நீங்களே குடுங்க டீச்சர். ஒங்கள நம்பித்தான் அனுப்பறன்."

அதற்கும் தலையாட்டிவிட்டு வெண்ணிலாவோடு ஏறினேன். மலை இறங்கும்போது அவளிடம் மன்னிப்பு கேட்பதாக இருந்தேன். மறுபடி வாந்தி. அவள்தான் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

வெயில் காலையிலேயே சுள்ளென்று. சமையலறையில் அந்தப் பாட்டில். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மதியம் வரை நாக்கில் கசப்பு போகவில்லை. மூன்று வேளை குடித்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

இன்று யாரும் பார்க்க வராத வகுப்பு. அட்டைகளை எடுத்தேன். 'ரான்' வெண்ணிலாவுக்கு. ஹரிணி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள், போகட்டும். கை தட்டினேன். வெண்ணிலா நேராக வந்து இரண்டாவதாக நின்றாள். அட்டையை மாற்றினேன். 'சேங்', 'ஸாஃப்ட்லி', 'அண்டர் த ட்ரீ'. அதற்கும் சரியாக நின்றாள்.

எப்படி என்று கேட்டேன். "வூட்ல படுத்துக்கினே சொல்லிக்கினு இருந்தேன் மிஸ். வேற வேல இல்ல."

மணி அடித்து எல்லாரும் போன பிறகு அட்டையைத் திருப்பித் தர வந்தாள். இப்போதாவது மன்னிப்பு கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மிஸ், அடுத்த தபா ஆபீசர் வந்தா ஜொரம்னு சொல்லட்டா? வயித்து வலின்னா அம்மா கஷாயம் வெச்சிடுது."