கில்பட்டின் கடிதத்தை நானே வாசித்தேன்

கற்பிட்டி,
27 ஒக்டோபர் 2013

என் அன்பு மகள் அல்பொன்சாவுக்கு,

தலவில கோயில் அன்னம்மாளின் தயவில் அப்பா நல்ல சுகம், அந்த இத்தாலிக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, இது வழமையாக எனக்கு எழுதித் தரும் கில்பட்டின் எழுத்து இல்லை, என்னுடையது. அப்பா எழுதப் பழகிவிட்டேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கிறது, ஆனாலும் போனில் நீ கதைத்தால் எனக்குத் தேனீ இரைவதுபோலத்தான் கேட்கும், அதனால் எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்கிறேன். வளவை விற்கும் அதிகாரத்தைத் தரச்சொல்லிக் கில்பட் கேட்ட அந்த அற்றோணிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதே. முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

தாதியர் பாடசாலைப் பிள்ளைகள் இப்போது வயதானவர்களின் வீடுகளுக்கு வந்து படிக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வீடு, புதன்கிழமை தோறும். எனக்கு வாய்த்தவள் றம்ஸியா என்ற புத்தளத்துப் பிள்ளை. பிரஷர் பார்ப்பாள், பாதத்தைக் கழுவி விரல் விரலாகப் புண் தேடுவாள், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுவாள். காலைக் குளிசையை இரவிலும் இரவுக் குளிசையைக் காலையிலும் நான் விழுங்குவதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "நான் இல்லாத நாளக்கி என்ன செய்யப் போறீங்க அப்பா" என்று கேட்டு, குளிசை உறைகளையே புத்தகமாக வைத்து எழுத்துக் காட்டத் தொடங்கினாள். ஏழு மாதம். உறைக்குப் பிறகு பாண் சுற்றி வந்த பேப்பர், பிறகு செபப்புத்தகம், பிறகு அலுமாரியில் கிடந்த உன் கடிதங்கள்.

உன் ஆவணிக் கடிதத்தை வாசிக்க ஆறு நாள் எடுத்தேன். என் சொந்த அக்காவின் மகன் கில்பட் அதை எனக்கு வாசித்தபோது "எல்லாரும் சுகமாம் மாமா, நல்ல வெயிலாம்" என்று முடித்துவிட்டான். நீயோ, அப்பா இல்லத்துக்குப் போக ஆசைப்படுவது நெஞ்சை அறுக்கிறது, நீங்கள் இருக்கும் வீடு வளவை விற்கக் கில்பட் மச்சானுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு முன் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சண்டை முடிந்ததிலிருந்து ஹோட்டல்காரர் இந்தக் கரையெல்லாம் காணி தேடுகிறார்கள், உன் சீதன வளவில் அவனுக்குக் கண். எழுத்துத் தெரியாதவனிடம் கடிதத்தை விட்டுப்போனால் என்ன என்று நினைத்தான், மடையன்.

நான் வாசிக்கப் பழகியதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. வழமைபோல அவனைக் கூப்பிட்டு, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று உனக்கு எழுதச் சொன்னேன். எழுதி, நான் சொன்னபடியே வாசித்தும் காட்டினான். தபாலில் நானே போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். போன புதன்கிழமை றம்ஸியாவின் ஆசிரியை அவளுக்குப் புள்ளி போட வந்தார். குடும்பத்தவர் ஒருவர் இருக்க வேண்டுமாம், கில்பட் பெண்சாதி டொறத்தியோடு வந்து கால்மேல் கால் போட்டு இருந்தான். "மாமாவுக்குக் காதும் இல்ல மிஸ், நெனைவும் இல்ல, என்னட்டக் கேளுங்க" என்றான். அவன் கத்தியதால் எனக்கே நன்றாகக் கேட்டது. மிஸ் குளிசை உறைகளை என்னிடம் நீட்டினார். எல்லாவற்றையும் வாசித்தேன். கில்பட்டின் கால் கீழே இறங்கியது. "இன்னொண்டும் வாசிக்கிறன் மிஸ்" என்று அவன் எழுதிய கடிதத்தை எடுத்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் மகளே. என்னை இல்லத்தில் விடு, கில்பட்டுக்குக் கையெழுத்து வை என்ற இடத்துக்கு வரவே அரைமணி நேரம். அவன் எழும்பப் பார்த்தான், "இரிங்க, அப்பா வாசிக்கிறாரு" என்றாள் றம்ஸியா. தெரிந்த எழுத்துகளையும் தெரியாததுபோலத் தடவித் தடவி வாசித்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். டொறத்திக்கு ஒன்றும் தெரியாதாம். "வீட்ட வாங்க, கதைக்கிறன்" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். பிறகு றம்ஸியா பிரஷர் பார்த்து, "இண்டைக்கித்தான் அப்பா பிரஷர் நல்லா ஈக்கி" என்றாள்.

பங்குச் சுவாமி மன்னிக்கச் சொல்கிறார். மன்னிப்பேன், அடுத்த வருடப் பெரிய வெள்ளி கழியட்டும் என்றேன். கில்பட் போனில் அழுவான், இரங்கிவிடாதே. எனக்கு ஒரு உதவி செய். அவனைப் பற்றி உன் மனதில் இருப்பதையெல்லாம் எழுதி எனக்கு அனுப்பு. அதைக் கொண்டுபோய் அவன் வீட்டு விறாந்தையில் இருந்து, அவன் முன்னாலேயே வாசிப்பேன். எனக்கு அவசரமே இல்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம், மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். பெரிய எழுத்தில் எழுது, நாலு பக்கத்துக்குக் குறையாதே.

உன்னை ஆசீர்வதிக்கும் அப்பா,
அன்ரனிப்பிள்ளை