மச்சக்காரி

மார்ச் 4

அன்புள்ள மச்சக்காரிக்கு,

போனை எடுக்காமல் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. உன் படத்தை ஸ்டுடியோ வாசலில் பெரிதாக மாட்டியதற்கா இவ்வளவு கோபம்? தெருவே நின்று பார்க்கிறது. நேற்று ஒரு கல்யாணப் பெண், "அண்ணே, அந்த அக்கா மாதிரியே என்னையும் டச்சிங் பண்ணிடுங்க" என்றாள். பண்ணினேன். அவள் அம்மாவும் கேட்டார். அவருக்கும் சுருக்கமெல்லாம் அழித்துப் பண்ணினேன். இப்போது அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது. குடும்பத்துக்குப் பரம திருப்தி. சீக்கிரம் வா.

உன் டச்சிங்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

மாட்டியதற்குக் கோபமில்லை. மச்சத்தை அழித்துவிட்டு மாட்டினீர்களே, அதுதான். அக்கா மகளிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். "சித்தி, இவங்க யாரு? ரொம்ப அழகா இருக்காங்க" என்றாள். அக்கா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். இப்போதெல்லாம் கண்ணாடி முன் நின்றால், அந்தப் படத்துக்காரி பக்கத்தில் நிற்பது போலிருக்கிறது. இங்கே ஒரு டாக்டர் மச்சத்தை வலியில்லாமல் எடுக்கிறாராம். எடுக்கட்டுமா, வேண்டாமா?

மச்சக்காரி

மார்ச் 15

அடி மச்சக்காரி,

இதற்குப் போய் டாக்டரா? கைப்பழக்கம், முகத்தில் புள்ளி தெரிந்தால் கை சும்மா இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் மச்சம் ஒரு நாளும் என் கண்ணில் பட்டதே இல்லை. எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். எடுத்தால் எனக்கு வேலை மிச்சம்.

உன் டச்சிங்காரன்

மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

கண்ணில் பட்டதே இல்லையென்றால், கல்யாணமான புதிதில் எதைப் பார்த்து எனக்கு அந்தப் பேர் வைத்தீர்கள்? உதட்டோரம் இருக்கிறது. எந்த ஓரம், இடமா வலமா? எழுதுங்கள். சரியாக இருந்தால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருந்துகொள்கிறேன், டாக்டரும் பக்கத்தில்தான் இருக்கிறார்.

இப்போதைக்கு, மச்சக்காரி

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சக்காரிக்கு,

தாமதத்துக்குக் காரணம் உண்டு. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். முழுக்க என் கைவேலை. ஒரு புள்ளி இல்லை. உன் அடையாள அட்டைப் படமும் நம் ஸ்டுடியோவில் எடுத்ததுதான். ஒரே ஒரு செல்பி தப்பியிருந்தது. அதில் இடப்பக்கம். ஆனால் உன் போன், படத்தை இடவலம் மாற்றிப் போடுமா என்று தெரியவில்லை. ஸ்டுடியோ முதலாளியைக் கேட்டேன். "வீட்டுக்காரம்மாவுக்கு மச்சமா? சொல்லவே இல்லையேப்பா" என்றார்.

ஏதோ ஒரு பக்கத்தை எழுதிவிடலாம். பாதிக்குப் பாதி பலிக்கும். பலித்து நீ பஸ்ஸை விட்டு இறங்கினால், நான் உன்னைப் பார்க்க மாட்டேன், விடையைத்தான் பார்ப்பேன். அதனால் உள்ளதை எழுதுகிறேன்: எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போகாதே. போய்விட்டிருந்தால், எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு வரி எழுது. வாசலில் இருக்கும் படத்திலாவது வைத்துவிடுகிறேன்.

உன் டச்சிங்காரன்