பிராத்தோவில் ஒரு பிசிறு

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

மருமகள் சுபஸ்ரீ, நம்மிடம் துணி வாங்கும் இத்தாலி பையருக்காகத் தைத்த சாம்பிள் டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கீழ் விளிம்பை மடித்துத் தைக்கவில்லை. சுற்றிலும் நூல் தொங்குகிறது. அதுதான் டிசைனாம்!

"பிசிறு வெட்டாத துணி நம்ம கம்பெனி கேட்டைத் தாண்டாது, கண்ணு."

"அவங்க கேக்கறதே அதைத்தானுங்க, அத்தை."

கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், துணியின் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார். அந்தக் கண் எனக்கு. என் வீட்டுக்காரர் இருந்தபோதும் சரி, இப்போதும் சரி, செக்கிங்கில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. இதற்குப் போடவில்லை.

அவளாகப் பிடித்த முதல் ஆர்டர். முகம் வாடிவிட்டது. தெரிகிறது. ஆனாலும் —

12 மார்ச்

"நீங்களே வந்து பாருங்க" என்று எனக்கும் டிக்கெட் போட்டுவிட்டாள். நல்லது. முடியாது என்று பையரிடம் நேரிலேயே சொல்லிவிடுகிறேன். சால்வை எடுத்தாயிற்று. ஊறுகாயும்.

19 மார்ச், பிராத்தோ, இத்தாலி

திருப்பூர் மாதிரி இதுவும் துணி ஊர்தான். சாயத் தண்ணீர் வாசம்தான் இல்லை. பையரைப் பார்ப்பது நாளை. இன்று நவீனக் கலை மியூசியம்.

முதல் அறையில் வெறும் மஞ்சள் சதுரம். அடுத்ததில் உடைந்த நாற்காலிகள். "ரிப்பேருக்கு வந்ததா?" என்றேன். சுபஸ்ரீ என் கையைக் கிள்ளினாள்.

அதற்கடுத்த அறையில், கூரையிலிருந்து தொங்கும் ஒரு வெள்ளைத் துணி. அசல் காட்டன். விளிம்பெல்லாம் பிசிறு. என்னைக் கேட்காமலே என் கை ஒரு பிசிறைப் பிடித்து இழுத்துவிட்டது! ஒரு முழ நூல் கையோடு வந்தது.

"நோ, நோ, சிஞோரா!" — காவலாள் ஓடிவந்தார்.

"ஐயோ அத்தை, என்ன பண்ணிட்டீங்க!"

பொறுப்பாளர் பெண் வந்தார். நிமிர்ந்து நின்று, கான்வென்ட் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் இது குறை, வெட்டிவிடுவோம் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இங்கே அதுதான் படைப்பு என்றார். நூலைத் திரும்பக் கோத்துவிடுவார்களாம்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் காற்றில் நூல்கள் அலையலையாக அசைந்தன. நான் பிடுங்கிய இடம் மட்டும் அசையவில்லை. வழித்துவிட்டாற்போல் மொட்டையாக இருந்தது.

குறை அங்கேதான், பிசிறில் இல்லை. சொன்னது என் கண். அது பொய் சொன்னதில்லையே?

'பாத்தீங்களா' என்று சுபஸ்ரீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

20 மார்ச்

பையர் முன்னாலேயே சாம்பிளில் கையெழுத்துப் போட்டேன். மேசைக்கடியில் சுபஸ்ரீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த ஊர்க் காப்பி, கஷாயம்.

11 ஏப்ரல், திருப்பூர்

செக்கிங் மேசையில் பிரிசில்லா மும்முரமாகப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள், இத்தாலிக்குப் போகிற லாட்டில்!

"ஏ, வெட்டாதே!"

"நீங்கதானம்மா பிசிறு இருந்தா கைய ஒடிப்பேன்னு சொன்னீய?"

"இதுல வெட்டினா ஒடிப்பேன்."

அவள் சுபஸ்ரீயைப் பார்த்தாள். சுபஸ்ரீ கூரையைப் பார்த்தாள்.

மதியம் முழு லாட்டையும் நானே பார்த்தேன். பிசிறு போதவில்லை என்று இரண்டு பீஸை ரிஜெக்ட் செய்தேன்.