நசுங்கிய மூலை

6 ஜனவரி 2002, புதுப்பட்டினம்
ஒலிம்பஸ் ட்ரிப் கேமரா இன்றைக்குத்தான் உயிர்பெற்றது. மகாபலிபுரத்தில் ஒரு சிலைக்கடைக்காரரிடம் வாங்கியபோது லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் எண்ணெய் பிடித்து ஒட்டிக் கிடந்தன. லைட்டர் பெட்ரோல் தொட்டுத் துடைத்துத் துடைத்து, இப்போது வெளிச்சத்துக்கு ஏற்றபடி விரிகின்றன, சுருங்குகின்றன. நான் சேர்த்த பழைய கேமராக்களில் கீறலே இல்லாதது இது ஒன்றுதான்.

15 ஜனவரி
தங்கச்சி திவ்யாவும் அவள் புருஷன் தாமோதரனும் ஊரப்பாக்கத்திலிருந்து தலைப்பொங்கலுக்கு வந்திருக்கிறார்கள். அவன் நேராக என் அறைக்குள் வந்தான். ட்ரிப்பை எடுத்து வாரைக் கையில் சுற்றிக்கொண்டான்.
"மச்சான், நாளைக்கு பீச்சுக்குப் போறோம். இது எங்கிட்ட இருக்கட்டும்."
கேட்கக்கூட இல்லை! நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "மாப்ள ஆசப்பட்டுட்டாரு, குடுத்துடுறா" என்றாள்.
மாப்பிள்ளையாம். ரெண்டு வேன் வைத்திருந்தால் ஊரில் இருப்பதெல்லாம் அவனுடையதா?

27 ஜனவரி
இன்னும் தரவில்லை. போன் செய்தால், "ரோல் முடியட்டும் மச்சான்."

9 பிப்ரவரி
திருட்டுப் பயல்.

24 பிப்ரவரி
அவன் மட்டும் வந்தான். ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் போட்டான். உள்ளே ட்ரிப் — மேல்மூலை நசுங்கி, கண்ணாடி உடைந்து.
"பீச்சுல மணல்ல உழுந்துட்ச்சி. நீதான் ரிப்பேர்ல கில்லாடியாச்சே மச்சான்."
சிரிக்கிறான்! திவ்யா எங்கே என்றால், ஜுரமாம். போகிற போக்கில் என் யாஷிகா கேமராவில் கை வைத்தான். தட்டிவிட்டேன். அவன் போனதும் அம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "இன்னாடா நீ, ஒரு கேமராவுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? பொண்ணு அங்க வாழ வேணாமா?"

26 பிப்ரவரி
கழற்றிப் பார்த்தேன். ஒரு மணல் துகள்கூட இல்லை. மணல் புகுந்த கேமரா எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? லென்ஸ் வளையத்தைத் திருப்பினாலே நறநறக்கும். நசுங்கிய மூலையில் பச்சை டிஸ்டெம்பர் அப்பியிருக்கிறது.
பச்சை — ஊரப்பாக்கம் வீட்டுப் படுக்கையறைச் சுவர். சீர்க் கட்டிலை நான்தான் அங்கே இறக்கிப் போட்டேன்.
விட்டெறிந்திருக்கிறான். சும்மா சுவரைப் பார்த்து எவனாவது எறிவானா? சுவரோரம் யார் நின்னுகினு இருந்தா?
நான் இன்னா அண்ணன்? இத்தினி நாளா ஒரு டப்பாவுக்கு அழுதுகினு கெடந்தேன்.

27 பிப்ரவரி
லீவு போட்டுவிட்டு, அவன் வேன் எடுத்துப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து ஊரப்பாக்கம் போனேன். திவ்யா கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஒரு பக்கம் முடியைக் காதுமேல் இழுத்துவிட்டிருந்தாள். கேமராவை எறிந்தானா என்று கேட்டேன்.
"நான் குனிஞ்சிட்டேண்ணா."
முடியை விலக்கினேன். காது கன்றி வீங்கியிருந்தது.
"அப்ப இது இன்னா?"
"அது வேற நாளு."
பெட்டியை எடு என்றேன். "அம்மா இன்னா சொல்லும்?" என்றாள். நானே இறக்கி அவள் துணிகளைத் திணித்தேன். செங்கல்பட்டு வரும்வரை ரயிலில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.
அம்மாவிடம், உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருப்பாள் என்று மட்டும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

3 மார்ச்
தெருவில் நின்று கத்தினான். "ஓட்ட கேமராவுக்காக எம்பொண்டாட்டிய இட்டுகினு வந்துட்டான் பாருங்க!" எழுந்தேன். திவ்யா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.
அம்மா பதறினாள். "உள்ள கூப்புடுறா, அக்கம்பக்கம் பாக்குது."
திவ்யா முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். அம்மா பார்த்தாள். வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் கத்திக்கொண்டே இருந்தான்.

17 மார்ச்
என் அறையைத் திவ்யாவுக்கு ஒழித்துக் கொடுத்தேன். கேமராக்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளில், ஹால் மூலையில். அலமாரியில் அவள் புடவைகள்.
"ஆணி ஒண்ணு அடிச்சிக் குடுண்ணா. கண்ணாடி மாட்டணும்" என்றாள்.
அடித்தேன்.