என் கை தானாக ஓட வேண்டாம்

என் பாசமுள்ள பாண்டி அண்ணனுக்கு,

நீ போய் நாலு தீபாவளி ஆகிவிட்டது. எம். புதுப்பட்டி ரோட்டில் அதே பட்டாசுக் கம்பெனியில்தான் நானும் நீ தாலி கட்டிய மதினியும் மருந்து செலுத்துகிறோம். குழாயில் வெடிமருந்தைப் போட்டுக் குச்சியால் இறுக்குகிற உன் வேலைதான். இப்போது எல்லாரிடமும் செல்போன் வந்துவிட்டது. உள்ளே போகுமுன் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். போனை வாங்கி வைக்கலாம், மனசை யார் வாங்கி வைப்பது?

உன் மேல் எனக்குக் கோபம் அண்ணே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கம்பெனியே உன்னை மிஷின் என்றது. சாப்பாட்டு நேரத்தில்கூடக் கையை நிறுத்த மாட்டாய். கடைசி சீசனில் காய்ச்சலோடு வந்தாய். வீட்டுக்குப் போ என்று கெஞ்சினேன். "பழகுன கை செல்வி, அதுபாட்டுக்கு ஓடும்" என்றாய். அன்று மத்தியானம் உன் அறை வெடித்தது. ஆஸ்பத்திரியில் என் காதில் மட்டும் சொன்னாய்: "கை ஓடிக்கிட்டே இருந்துச்சு. என் நெனப்பு எங்கனயோ இருந்துச்சு." ரெண்டு நாளில் போய்விட்டாய்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் பெயர் கெட்டுவிடுமே என்று பயம். மூடி வைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்த ஆயுத பூஜையில்தான் உறைத்தது.

மேனேஜர் உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு எங்களிடம் சொன்னார். "பாண்டி ஒருநாளாச்சும் கையை நிறுத்தியிருப்பாரா? அம்புட்டு ஆர்டர் கெடக்கு. அவரை மாதிரி வேலை பாருங்க."

மதினி பெருமையோடு தலையாட்டினாள். ஒரு வாரமாக அவளும் மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. கண் ரெண்டும் சிவந்து கிடந்தது.

எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். "எங்க அண்ணன் மாதிரி யாரும் வேலை பார்க்க வேண்டாம் சார். கவனம் போனப்புறமும் நிறுத்தாமத்தான் அவரு செத்தாரு. அவரே எங்கிட்ட சொன்னாரு."

"வேலை பிடிக்கலன்னா நின்னுக்கோம்மா" என்றார்.

"பிடிச்சிருக்கு சார். உசுரோட பார்க்கணும்னு சொல்லுதேன்."

மதினிதான் தாங்கவில்லை. "செத்த மனுசனைக் குத்தம் சொல்லுதியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்றவள் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

நான் வேலையை வெறுக்கவில்லை அண்ணே. காலையில் என் கைக்கு ஈடாக அந்த வரிசையில் ஆள் கிடையாது. மத்தியானம் ஆக ஆக, குழாயைப் பார்த்துக்கொண்டே வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்று யோசிக்கிறேன். அப்படி ஒருதடவை நினைப்பு நழுவியதுமே எழுந்துவிடுவேன். முகம் கழுவி, வேப்பமரத்தடியில் சோறு தின்று, மனசு நிதானப்பட்ட பிறகுதான் உள்ளே போவேன். சோம்பேறி என்கிறார் மேனேஜர். சொல்லிவிட்டுப் போகட்டும். மனுசிக்குக் கவனம் ஒரு அளவுதான் நிற்கும், மிரட்டினால் கூடிவிடாது. இதில் நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்? சீசன் முடிந்ததும் என்னை நிறுத்தினாலும் நிறுத்துவார். நிறுத்தட்டும், சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை இருக்கிறது.

நேற்று மரத்தடியில் இருந்தேன். மதினி அறையிலிருந்து எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"ஒரு குழாய் கையில இருந்துச்சு. மருந்து போட்டேனா போடலையான்னே தெரியல. பயந்துபோயி வச்சிட்டு வந்துட்டேன்" என்றாள்.

என் தண்ணிப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். ரெண்டு பேரும் நிதானமாகச் சாப்பிட்டோம். மேனேஜர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.

உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணே. ஒவ்வொரு சாயங்காலமும் மதினியை முழுசாக வீட்டுக்குக் கூட்டிவருவேன். நீ எவ்வளவு ஏங்கினாலும் சரி, அவளை உன்னிடம் அனுப்ப மாட்டேன்.

உன் வழியில் வராத,
உன் ஒரே தங்கச்சி செல்வி